கை தூக்கச் சொன்னவன் நான்

பொய் சொன்னேன். தெரிந்தே சொன்னேன். மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்து, முகம் மாறாமல் சொன்னேன்.

"ஒண்ணும் ஆவாதும்மா."

அவ்வளவுதான் அந்தப் பொய். அதை நம்பி ஓர் ஊர்ப் பெண்கள் கை தூக்கினார்கள். தூக்கிய கையோடு தங்கள் வேலையையும் தூக்கிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

இதைப் படித்துவிட்டு நீங்கள் என்னை மன்னிக்க வேண்டியதில்லை. மன்னிப்பைக் கேட்க வேண்டிய இடம் வேறு. அது என் வீட்டுக்குப் பின்கட்டிலேயே இருக்கிறது. அங்கே கேட்காமல் உங்களிடம் வந்து புலம்புகிறேனே... இதிலிருந்தே என் யோக்கியதை உங்களுக்குத் தெரிந்துவிடும்.

முதலில் எங்கள் நகரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே நெடுஞ்சாலையில் போகும்போது நீங்கள் எங்கள் நுழைவு வளைவைப் பார்த்திருக்கலாம். 'பசுஞ்சோலை நகர்' என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மைப் பெயர் இதைவிடவும் பசுமையானது! சோலை எதுவும் இங்கே இருந்ததில்லை. முன்பு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்ட கொல்லை. மனை போட்டவர் ஆளுக்கொரு தென்னங்கன்று நட்டுக் கொடுத்தார். அதில் பாதியை மாடு தின்றது. மீதியைக் கார் நிறுத்த இடமில்லை என்று நாங்களே பிடுங்கினோம்.

முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரியில் வேலை செய்யும் டாக்டர்கள், பேராசிரியர்கள், பேங்க் மேனேஜர்கள், என்னைப் போல ஓய்வுபெற்ற அதிகாரிகள், பிள்ளையை அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டுத் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும் அப்பாக்கள். இவர்கள்தான் எங்கள் குடிமக்கள். வீட்டுக்கு வீடு கிரானைட் பலகை. அதில் ஆளைவிடப் பட்டம் நீளம். மாடி வீட்டில் கணவனும் மனைவியும் மட்டும் இருப்பார்கள். வாசலில் இரண்டு கார் நிற்கும். பூங்கா உண்டு, அதில் புல் மேல் நடக்கக் கூடாது என்று பலகையும் உண்டு. பலகை வைத்தவன் நான். நலச் சங்கத்துக்குச் செயலாளர் நான்தானே!

இத்தனை வசதியிலும் எங்களுக்கு ஒரு பெரிய குறை. சட்டப்படி நாங்கள் ஒரு கிராம ஊராட்சிக்குள் இருந்தோம்.

சாலைக்கு அந்தப் பக்கம் பழைய ஊர். அதைத் தாண்டி ஏரிக்கரை ஓரமாகக் காலனி. அவர்களுக்கும் எங்களுக்கும் ஒரே ஊராட்சி மன்றம், ஒரே தலைவர். தலைவர் கரும்பு போடுகிறவர். கைலியோடு டிவிஎஸ் வண்டியில் வருவார். நேரில் "வாங்க தலைவரே" என்போம். அவர் திரும்பிய பிறகு பேசுவதை இங்கே எழுத முடியாது. மழைக்காலத்தில் எங்கள் தெருவில் தண்ணீர் நிற்கும், பாம்பு வரும். கால்வாய் கேட்டால், "ஃபண்டு இல்லீங்களே சார்" என்பார். பொய்யும் இல்லை, அவரிடம் உண்மையிலேயே பணம் இருந்திருக்காது. ஒரு டாக்டரம்மாவின் மகளுக்கு வரன் பார்த்தபோது முகவரியில் 'கிராமம்' என்று இருப்பதைப் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் "வில்லேஜா?" என்று கேட்டுவிட்டார்களாம். அந்த ஒரு சொல்லுக்காக எங்கள் சங்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் கூடிப் பேசியது.

அந்த நேரத்தில்தான் சுற்றுப்புற ஊராட்சிகளைப் பக்கத்து நகராட்சியோடு சேர்க்கப் போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பியது. எங்கள் ஆட்களுக்குக் கால் தரையில் பாவவில்லை. பாதாளச் சாக்கடை! தார்ச்சாலை! மனை விலை! "சார், நீங்க ஆபீஸ்ல இருந்தவரு, நீங்கதான் முடிச்சிக் குடுக்கணும்" என்று என் தலையில் கட்டினார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது.

நான் ஒன்றிய அலுவலகத்தில் வேலை பார்த்தவன். திண்டிவனம் பக்கத்து ஒன்றியங்களில் எழுத்தராக நுழைந்து, ஜீப்பில் போகும் அளவுக்கு உயர்ந்து, மாலையும் கழுத்துமாக ஓய்வு பெற்றவன். ஊராட்சி என்றால் எனக்கு உள்ளங்கை மாதிரி. எந்தத் திட்டம் யாருக்கு உண்டு, யாருக்குக் கிடையாது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். நூறு நாள் வேலை கிராம ஊராட்சிக்குத்தான் உண்டு. நகராட்சிக்குள் போய்விட்டால் அது கிடையாது. இதை எத்தனை கூட்டத்தில் நானே விளக்கியிருக்கிறேன் தெரியுமா?

தெரியாதவன் சொல்லியிருந்தால் தவறு என்று விட்டுவிடலாம். தெரிந்தவன் சொன்னானே... அதற்கு என்ன பெயர்?

கிராம சபைக்கு யார் வருவார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? பத்திரிகையில் 'பொதுமக்கள் திரளாகக் கலந்துகொண்டனர்' என்று போடுவார்கள். அந்தத் திரளில் பெரும்பாலும் நூறு நாள் வேலைப் பெண்கள்தான். முதல் நாளே வேலை நடக்கிற இடத்தில் சொல்லிவிடுவார்கள்: "நாளைக்கி எல்லாரும் கிராம சபைக்கி வந்துருங்க." வருவார்கள். ஜமக்காளத்தில் உட்காருவார்கள். டீயும் மிக்சரும் வரும். ஊராட்சிச் செயலாளர் ஒரே மூச்சில் பொருள்களை வாசிப்பார். கடைசியில் ஒருவர் போனைத் தூக்கிக்கொண்டு எழுந்து, "எல்லாரும் கைய தூக்குங்க" என்பார். கை உயரும். படம் எடுப்பார்கள். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறிவிடும்.

என் வேலைக்காலத்தில் அப்படி எத்தனையோ படம் நானே எடுத்திருக்கிறேன். அதனால் எனக்கு ஒன்று தெரியும். கை தூக்கினால் சம்மதம் என்று நாம்தான் எழுதிக்கொள்கிறோம். அந்தப் பெண்களுக்கோ, கை தூக்கினால் கூட்டம் முடிந்தது, வீட்டுக்குப் போய் அடுப்பைப் பற்ற வைக்கலாம். எதற்குத் தூக்கினோம் என்று யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை. அவர்களும் கேட்டதில்லை.

அன்று ஒருத்தி கேட்டாள்.

காந்தி ஜெயந்தி அன்று பள்ளிக்கூடத்து மைதானத்தில் கூட்டம். எங்கள் நகரிலிருந்து ஒருவர்கூட அதற்கு முன் கிராம சபைக்குப் போனதில்லை. அன்று நான் எல்லோரையும் கிளப்பிக் கூட்டிக்கொண்டு போனேன். வெள்ளைச் சட்டையும் கூலிங் கிளாஸுமாக முன்வரிசை நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். பெண்கள் கீழே. வேலைக்குப் போகிற மாதிரியே சேலைக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டு, தலையில் துண்டு கட்டியிருந்தார்கள்.

ஊராட்சிச் செயலாளர் வாசித்தார். 'அருகிலுள்ள நகராட்சியுடன் இவ்வூராட்சியை இணைப்பது குறித்த பொருள்' என்று அவர் சொன்னது அவருக்கே கேட்டிருக்காது. தலைவர் எழுந்து, "எனக்கு ஒண்ணும் இல்லீங்க. ஊரு இன்னா சொல்லுதோ அதான்" என்று உட்கார்ந்துவிட்டார். நான் மைக்கை வாங்கினேன்.

தெரு விளக்கு வரும் என்றேன். கால்வாய் வரும், நல்ல தண்ணீர் வரும், குப்பை வண்டி வரும் என்றேன். இதில் ஒன்றும் பொய் இல்லை. வராமல் போகும் ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். விட்டுவிட்டு முடித்திருந்தால்கூட, 'சொல்லவில்லை, அவ்வளவுதானே' என்று இன்றைக்கு என் மனசாட்சிக்கு ஒரு மழுப்பல் இருந்திருக்கும்.

நடுவிலிருந்து ஒருத்தி எழுந்தாள். நெடுநெடுவென்று உயரம், ஒற்றை மூக்குத்தி, என்னைவிட நான்கைந்து வயது மூத்தவளாக இருப்பாள். அஞ்சலை. காலனியில் எதற்கும் முதலில் எழுந்து பேசுகிறவள் அவள்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"சார், நான் ஒண்ணு கேக்கட்டா? டவுனோட சேத்துட்டா எங்க நூறு நாள் வேல இன்னா ஆவும்?"

முன்வரிசையில் டாக்டர் திரும்பி என்னைப் பார்த்தார். தலைவர் தரையைப் பார்த்தார். செயலாளர் காகிதத்தைப் பார்த்தார். அவருக்கும் தெரியும். ஆனால் கேள்வி என்னிடம்தான் வந்தது.

'போய்விடும் அம்மா.' இதைச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? கூச்சல் எழுந்திருக்கும், தீர்மானம் விழுந்திருக்கும், எங்கள் தெருவில் இன்னும் சில மழைக்காலங்கள் தண்ணீர் நின்றிருக்கும். அவ்வளவுதானே! தண்ணீர் நின்று செத்தவன் எங்கள் நகரில் எவனும் இல்லை.

நான் சிரித்தேன். அலுவலகத்தில் மனுவோடு வருகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிற அதே சிரிப்பு. "அதெல்லாம் ஒண்ணும் ஆவாதும்மா. கவர்மெண்டு பாத்துக்கும். நீ உக்காரு" என்றேன்.

என்னைவிட மூத்தவளை 'நீ' என்றேன். அதுவும் அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

அஞ்சலை கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள். "நீங்க சொன்னா சரி சார். ஆபீஸ்ல இருந்தவரு" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் இருந்தவர்களிடம், "ஒண்ணும் ஆவாதாம்டி, சார் சொல்றாரு" என்றாள்.

"எல்லாரும் கைய தூக்குங்க!" என்றேன் நான். முதலில் உயர்ந்த கை அவளுடையதுதான். "நல்லா மேல... சிரிச்ச மாதிரி..." என்று வேறு சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். படம் அருமையாக வந்தது. எத்தனையோ கிராம சபைப் படங்கள் பார்த்தவன் சொல்கிறேன், அவ்வளவு உயிரோடு ஒரு படம் அமைந்ததே இல்லை!

ஏன் செய்தேன்? இந்தக் கேள்வியை நீங்கள் கேட்பதற்கு முன்னால் நான் பல முறை கேட்டுவிட்டேன். மனை விலைக்காகவா? என் வீட்டை விற்கிற எண்ணம் எனக்கு இல்லை. பாம்புக்குப் பயந்தா? அதுவும் இல்லை. சொன்னால் வெட்கக்கேடு... ஓய்வு பெற்ற பிறகு என்னிடம் யாரும் எதையும் கேட்டு வந்ததில்லை. வீட்டுக்கு வருகிற பால்காரர்கூட என் மனைவி சரோஜாவிடம்தான் பேசுவார். திடீரென்று ஒரு நகரே 'சார், சார்' என்று பின்னால் வந்ததும் மனது குளிர்ந்துவிட்டது. அந்தக் குளிர்ச்சி போய்விடக் கூடாதே என்றுதான் பொய் சொன்னேன். இதைவிடப் பெரிய காரணம் இருந்தால் எனக்கே ஆறுதலாக இருக்கும். இல்லை.

ஊர் மக்கள் சம்மதமா என்று மேலே கேட்டபோது அந்தப் படம் போனது. இணைப்பு வந்தது. என் படம் மட்டும்தான் காரணம் என்று சொல்லமாட்டேன். சேர்க்கிறவர்கள் எப்படியும் சேர்த்திருக்கலாம். ஆனால் அந்தப் பெண்கள் எதிர்த்து நிற்க ஒரு வாய்ப்பு இருந்தது. அதை எடுத்துக்கொண்டவன் நான்.

எங்கள் நகரில் விழா எடுத்தார்கள். வளைவுக்குப் பக்கத்தில் பெரிய ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். அதில் கை தூக்கிய பெண்கள் ஒரு பக்கம்; சால்வையோடு நான் மறுபக்கம். கீழே 'ஒருமித்த குரலில் நகராட்சி ஆனோம்' என்று வாசகம். வாசகமும் நான் எழுதியதுதான். அன்று போட்ட சால்வையை மடித்து பீரோவில் வைத்திருக்கிறேன். தூக்கிப் போடவும் மனம் வரவில்லை, போர்த்திக்கொள்ளவும் மனம் வரவில்லை.

எங்களுக்கு எல்லாம் வந்தது. அதை மறைக்கக் கூடாது. வெள்ளை வெளேரென்று தெரு விளக்கு எரிந்தது. கால்வாய்க்குப் பள்ளம் தோண்டினார்கள். சாலை போட்டார்கள். டாக்டரம்மாவின் மகளுக்கு நல்ல இடத்தில் கல்யாணம் ஆனது. வரி கூடியது, அதற்குக் கொஞ்சம் முனகினோம், கட்டினோம்.

அந்தப் பக்கத்தில் வேலை நின்றது. முதலில் "இந்த வாரம் இல்ல" என்றார்களாம். பிறகு "மேல இருந்து ஆர்டர் வரல" என்றார்களாம். கூழ்த் தூக்கோடு ஏரிக்கரைக்கு வந்து, காத்திருந்து, தூக்கோடு திரும்பிப் போனார்கள். இனி வராது என்று யாரும் வந்து சொல்லவில்லை. கேட்டுக் கேட்டு ஓய்ந்து, தாங்களாகவே புரிந்துகொண்டார்கள். இளையவர்கள் விழுப்புரத்துக்குக் கடை வேலைக்கும் சித்தாள் வேலைக்கும் போய்விட்டார்கள். வயதானவர்கள் என்ன செய்வார்கள்? கரும்பு வெட்டக் கூப்பிட மாட்டார்கள். பிள்ளை கையை எதிர்பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் எங்கள் வாசலுக்கு வர வேண்டும்.

ஒரு நாள் காலையில் நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். கேட்டுக்கு வெளியே குரல் கேட்டது. "அம்மா... வீட்டு வேல எதனா இருந்தா சொல்லுங்கம்மா." அந்தக் குரலை மைதானத்தில் ஒருமுறைதான் கேட்டிருக்கிறேன். ஆனாலும் தெரிந்துவிட்டது. பேப்பரைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டேன்.

சரோஜாவுக்கு முட்டி வலி. உடனே சேர்த்துக்கொண்டாள். "பாவங்க, வயசானவங்க. நம்ம வீட்லயே இருக்கட்டும்" என்றாள். தெருவில் எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். "வேலை போனவங்களுக்கு நீங்களாவது ஒரு வழி பண்ணுனீங்களே சார்!" என்றார் பேங்க் மேனேஜர். நான் மறுக்கவில்லை. என்ன சொல்லி மறுப்பது?

பின்கட்டில் அவளுக்கென்று ஒரு டம்ளர் இருக்கிறது. சுவர் மேல் கவிழ்த்து வைத்திருக்கும். அதில் காபி ஊற்றிக் கொடுப்பாள் சரோஜா. குடித்துவிட்டு அஞ்சலையே அதைக் கழுவித் திரும்பவும் சுவர் மேல் வைப்பாள். சமத்துவபுரத்தில் நின்று மைக்கில் பேசியவன் நான்! அந்த டம்ளரைத் தினமும் பார்க்கிறேன். அதற்கும் வாய் திறந்ததில்லை.

ஒரு நாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே சரோஜாவிடம் அவள் பேசியது ஜன்னல் வழியாக என் காதில் விழுந்தது.

"நான் திருவெண்ணெய்நல்லூர் பக்கம் பொறந்தவம்மா. சின்ன வயசுல ஒரு பெரிய ஊட்ல மாட்டுக் கொட்டாயி வாரிக்கினு இருந்தேன். அவங்க துன்ன தட்ட கழுவறதும் நான்தான். 'ஏய்'னுதான் கூப்புடுவாங்க. கல்யாணம் ஆயி இங்க வந்தப்ப நெனச்சிக்கினேன், இனிமே எவன் தட்டுலயும் கைய வெக்க மாட்டேன்னு. கூலிக்கிப் போனேன், கல்லு ஒடச்சேன், தட்ட மட்டும் கழுவல. நூறு நாள் வேலைல பேரு சொல்லிக் கூப்புடுவாங்கம்மா. அஞ்சலைன்னு கூப்ட்டா, 'இருக்கறேன்'னு சொல்லணும். எம் பேருலயே பேங்குல போடுவாங்க. எம் புள்ளகிட்ட நான் கேக்க மாட்டேன், அவந்தான் எங்கிட்ட கேப்பான்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். "இன்னா பண்றது, தல எழுத்து" என்றாள். அவள் கையில் அப்போது இருந்தது நான் காலையில் இட்லி தின்ற தட்டு.

அன்று மதியம் சாப்பிட்டு முடித்ததும் தட்டை எடுத்துக்கொண்டு நானே குழாயடிக்குப் போனேன். கல்யாணமான நாளிலிருந்து செய்யாத வேலை. சரோஜா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னாங்க புதுசா?" என்று சிரித்தாள். அஞ்சலை ஓடிவந்து தட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

"உடுங்க சார். நீங்களே கழுவிக்கினா அப்பறம் நான் எதுக்கு? எனக்கு வேல இல்லாம பண்ணிடாதீங்க!"

விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அழுதேன் என்று எழுத ஆசைதான். அழவில்லை. கட்டிலில் உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகு தட்டை வைத்த இடத்திலேயே வைத்துவிட்டு எழுந்துவிடுகிறேன்.

போன மழைக்காலத்தில் சில நாள் அவள் வரவில்லை. காய்ச்சல் என்று செய்தி வந்தது. சரோஜா மாத்திரையும் ரொட்டியும் கொடுத்து, "போய்ப் பாத்துட்டு வாங்க" என்று என்னை அனுப்பினாள். எங்கள் தெருவிளக்கு முடிகிற இடத்தில் காரை நிறுத்திவிட்டுக் குடையோடு நடந்தேன். அவ்வளவு நாள் அந்த ஊரில் குடியிருந்தும் காலனிக்குள் நான் கால் வைத்தது அன்றுதான்.

கூரை வீடு. குனிந்து உள்ளே போனேன். கயிற்றுக் கட்டிலில் எழுந்து உட்கார முயன்றாள். "படு, படு" என்று சொல்லிக்கொண்டே நிமிர்ந்தவன் அப்படியே நின்றுவிட்டேன்.

கூரைக்கு அடியில், ஒழுகாமலிருக்க, ஒரு ஃப்ளெக்ஸை இழுத்துக் கட்டியிருந்தார்கள். எங்கள் விழாவின் ஃப்ளெக்ஸ். வளைவிலிருந்து கழற்றிப் போட்டதை யாரோ எடுத்து வந்திருக்கிறார்கள். படம் உள்பக்கம் பார்த்திருந்தது. சால்வையோடு நான் தலைகீழாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் கை தூக்கிய பெண்கள். முன்னால் அஞ்சலை. நடுவில் மழைத்தண்ணீர் தேங்கித் தொங்கிக்கொண்டிருந்தது.

"நம்ம ஃபோட்டோதான் சார்," என்றாள் அவள், காய்ச்சலிலும் சிரித்துக்கொண்டு. "எம் பேரன் தூக்கினு வந்தான். நல்ல கெட்டி. படுத்துக்கினே உங்களயும் பாக்கலாம், என்னயும் பாக்கலாம்."

இரவெல்லாம் அவள் அதைப் பார்த்துக்கொண்டுதான் படுத்திருப்பாள்! எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. ரொட்டியைக் கட்டில் மேல் வைத்துவிட்டுக் கிளம்பினேன். அவள் விடவில்லை.

"சார், திங்கக்கெழம நாங்க எல்லாரும் கலெக்டர் ஆபீசுக்கு மனு குடுக்கப் போறோம். எங்க வேலய திருப்பிக் குடுங்கன்னு. எங்களுக்குப் பேசத் தெரியாது. நீங்க ஒரு வாட்டி வந்து சொல்லுங்க சார். 'இவங்களுக்கு யாரும் வெவரம் சொல்லல, வேல போவும்னு தெரியாமதான் கை தூக்கனாங்க'ன்னு சொன்னாப் போதும். நீங்க சொன்னா கேப்பாங்க."

சொன்னால் கேட்டிருப்பார்களா? தெரியாது. வேலை திரும்பக் கிடைத்திருக்குமா? அதுவும் தெரியாது. ஆனால் அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நான்தான். 'அந்தப் பெண் நேருக்கு நேர் கேட்டாள். தெரிந்தே நான் பொய் சொன்னேன்.' அதிகாரிகள் முன்னால், என்னோடு வேலை பார்த்தவர்கள் இன்னும் சிலர் உட்கார்ந்திருக்கும் அந்தக் கட்டிடத்தில், இதைச் சொல்ல வேண்டும்.

"பாத்துக்கலாம்மா," என்றேன்.

வேலைக்காலம் முழுதும் சொல்லிப் பழகிய சொல் அது. இதற்கு அர்த்தம் 'முடியாது' என்பது எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். அவளுக்குத் தெரியவில்லை. "ரொம்ப நல்லது சார், நீங்க நல்லா இருக்கணும்" என்று கும்பிட்டாள்.

திங்கட்கிழமை திண்டிவனத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டுப் புதுமனை புகுவிழா. போக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. போனேன். போனை அணைத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். நல்ல சாப்பாடு. வடை பாயசத்தோடு சாப்பிட்டேன். பழைய கதையெல்லாம் பேசினேன், சிரித்தேன். அந்த நேரத்தில் அவர்கள் மனுவோடு வரிசையில் நின்றிருப்பார்கள். வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்திருப்பாள் அஞ்சலை.

மறுநாள் காலை வழக்கம்போல வேலைக்கு வந்தாள். நான் சாப்பாட்டு மேசையில் இருந்தேன். "ஒடம்பு சரியில்லம்மா... பிரஷரு" என்று நானாகவே ஆரம்பித்தேன். "பரவால்ல சார், ஒடம்ப பாருங்க" என்றாள். பிறகு நடந்ததைச் சொன்னாள்.

"போனோம் சார். நல்லாதான் பேசினாங்க. ஒரு சார் ஃபைல தெறந்து அந்தப் படத்தக் காட்னாரு. 'ஏம்மா, நீங்களே சிரிச்சிக்கினு கை தூக்கி இருக்கீங்களே'ன்னாரு. இன்னா சொல்றது? என் மூஞ்சிதான் முன்னால தெரியுது. வெளிய வந்ததும் எல்லாளும் என்னயப் புடிச்சிக்கினாளுங்க. உங்களயும் கண்டபடி பேசினாளுங்க சார். 'அந்தாளு தெரிஞ்சேதான் ஏமாத்திட்டான்'றாளுங்க. நான் உடல. சண்டையே போட்டேன். 'சாருக்கும் தெரியாதுடி. தெரிஞ்சிருந்தா சொல்லி இருப்பாரு. எனக்கு ஒடம்பு சரியில்லன்னு மழையில ரொட்டி வாங்கினு வந்த மனுசன்டி'ன்னேன்."

ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். என்னை நேராகப் பார்த்தாள். மைதானத்தில் பார்த்த அதே பார்வை.

"உங்களுக்குத் தெரியாதுதானே சார்?"

இரண்டாவது முறை! இப்படி இரண்டாவது வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்? இப்போது மைக் இல்லை, முன்வரிசை இல்லை, சால்வை இல்லை. வீட்டில் நாங்கள் இருவர்தான். சரோஜாகூடக் கோயிலுக்குப் போயிருந்தாள். உண்மையைச் சொன்னால் நான் இழக்கப் போவது இந்த ஒரு கிழவியின் மதிப்பை மட்டும்தான்.

"தெரியாதும்மா," என்றேன்.

"அதான் எனக்குத் தெரியுமே," என்றாள். அவள் முகம் தெளிந்துவிட்டது. "நீங்க சாப்டுங்க சார். ஆறிப்போவுது. தட்ட அப்பிடியே வெச்சிடுங்க, நான் எடுத்துக்கறேன்."

இன்றுவரை காலனியில் என்னைத் திட்டுகிறவர்களோடு அவள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள். அதனால் இரண்டு பேர் அவளோடு பேசுவதில்லையாம். அதையும் என்னிடம்தான் வந்து சொல்கிறாள்.

அவள் பெயர் அஞ்சலை இல்லை. மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். ஊர்ப் பெயரையும் சொல்லவில்லை. என் பெயரும் உங்களுக்குத் தெரியாது. எல்லா ஜாக்கிரதையோடும்தான் ஒப்புக்கொள்கிறேன் என்பதைக் கவனித்திருப்பீர்கள். பின்கட்டில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்கிறது. கொஞ்ச நேரத்தில் இந்த அறையைப் பெருக்க வருவாள். மேசை மேல் இந்தத் தாள்கள் விரித்தபடியேதான் இருக்கும். நான் மறைக்கப் போவதில்லை. அவற்றைத் தூக்கி, அடியில் துடைத்துவிட்டு, கலையாமல் அதே இடத்தில் வைப்பாள்.

அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இவ்வளவும் எழுதினேன்.